மார்பின் குறுக்கே ஒரு கோடு

வேர்வை ஓரிடத்தில் வந்து நின்றுவிட்டது.

நெற்றியில் அரும்பி, கன்னத்தில் வழிந்து, கழுத்துக் குழியில் தேங்கி, மார்புக் காம்புகள் வரைக்கும் இறங்கிய வேர்வை அதற்கு மேல் போகவில்லை. யாரோ அளவுகோல் வைத்து மார்பின் குறுக்கே கோடு கிழித்தது போல் இருந்தது. கோட்டுக்கு மேலே என் தம்பியின் கறுத்த உடம்பு செம்புப் பானை போலச் சிவந்திருந்தது. கோட்டுக்குக் கீழே தோல் வெளுத்து, வறண்டு, ஏரியில் முக்கி எடுத்தது போலச் சில்லிட்டிருந்தது. வயிற்றில் ஒவ்வொரு மயிரும் புல்லரித்து நின்றது.

ஐப்பசி மாதத்துப் பிற்பகல். தீபாவளிக்கு மூன்று நாளோ என்னவோ இருந்தது. காலையிலிருந்து பெய்த மழை அப்போதுதான் விட்டிருந்தது. நாங்கள் போர்வையைப் போர்த்திக்கொள்ளும் குளிர். அவனுக்கு வேர்த்துக் கொட்டியது.

"அக்கா, தல வெடிக்குது," என்றான் ஏகாம்பரம். "உள்ள உக்காந்துகினு எவனோ சுத்தியால அடிக்கிறான்."

அவன் மனைவி செல்வி ஈரத்துண்டால் துடைத்துக்கொண்டிருந்தாள். கோட்டின் அருகே வந்ததும் அவள் கை தயங்கியது.

"அண்ணி, நீங்களே தொட்டுப் பாருங்க. இங்க நெருப்பு. இங்க பொணம்."

தொட்டுப் பார்த்தேன். ஒரே பாயில் ஒரே உடம்பாக இரண்டு பேர் படுத்திருந்தார்கள்.

நாடியைப் பிடித்து எண்ணினேன். பயந்தவனுக்கு நாடி ஓடும் என்று படித்திருக்கிறேன். இவனுக்கு நாடி மெல்ல நடந்தது. அரை மணி நேரம் கழித்து, எப்படி வந்ததோ அப்படியே எல்லாம் அடங்கியது. சிவப்பு இறங்கியது. படுக்கை நனைந்திருந்தது. அவன் தூங்கிப்போனான்.

அன்று மாலை என் நோட்டில் முதல் பதிவை எழுதினேன்.

தேதி போடாத காரணம்

இந்தத் தொடரைப் படித்து வருகிறவர்களுக்கு என் பழக்கம் தெரியும். ஊர்ப்புற நூலகத்தில் முப்பது வருடம் புத்தகங்களின் கடைசிப் பக்கத்தில் தேதி முத்திரை குத்தியவள் நான். ஏரி நிரம்பிக் கலங்கலில் தண்ணீர் வழிந்த நாள், ஊருக்கு முதல் டவுன் பஸ் வந்த நாள், பக்கத்து வீட்டு எருமை கன்று போட்ட நாள் எல்லாம் என்னிடம் இருக்கிறது. தேதி இல்லாமல் எதையும் நம்புவதில்லை.

இந்த வாரம் மட்டும் தேதி போடப் போவதில்லை. போட்டால் யாராவது நாட்காட்டியை எடுத்து வைத்துக்கொண்டு எண்ண ஆரம்பிப்பார்கள். அப்படி எண்ணியதால் எங்கள் வீட்டில் என்ன நடக்கவிருந்தது என்பதைத்தான் எழுதுகிறேன். கொரோனா ஓய்ந்த பிறகு, சாலவாக்கத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். இவ்வளவு போதும்.

ஏரிக்கரைப் புளியமரம்

அதற்கு முந்தைய பங்குனியில் ஏகாம்பரம் விழுந்தான்.

ஏரிக்கரையில் வரிசையாகப் புளியமரங்கள் உண்டு. வருடா வருடம் குத்தகைக்கு எடுத்துப் பழம் உலுக்குவது அவனுக்குப் பழகிய வேலை. ஒரு கிளையைக் காலால் கவ்விக்கொண்டு எதிர்க் கிளையைக் கையால் ஆட்டுவான். கலங்கலை ஒட்டிய கடைசி மரத்தில் மட்டும் யாரும் ஏறுவதில்லை. அதில் என்னவோ இருக்கிறது என்பார்கள். அந்த வருடம் அதில்தான் காய்ப்பு அதிகம். அவன் ஏறினான்.

கவ்வியிருந்த கிளை பிளந்தது. வேர்முண்டின் மேல் முதுகு பட விழுந்தான். நான் ஓடிப்போய்ச் சேர்ந்தபோது நினைவோடுதான் இருந்தான். "அக்கா, ஒன்னும் வலிக்கலியே," என்று ஆச்சரியமாகச் சொன்னான். அந்த ஆச்சரியம்தான் ஆபத்து என்று எங்களில் யாருக்கும் தெரியவில்லை.

ஒருவர் அவனைத் தூக்கி உட்கார வைத்தார். ஒருவர் சோடா உடைத்துக் கொடுத்தார். இரண்டு பேர் அக்குளைப் பிடித்து, இரண்டு பேர் காலைப் பிடித்து, மோட்டார் சைக்கிளில் நடுவே உட்கார வைத்து, முன்னே ஒருவர் ஓட்ட, பின்னே ஒருவர் கட்டிப் பிடித்துக்கொள்ள, உத்திரமேரூர் வரைக்கும் கொண்டுபோனோம். தலை ஒரு பக்கமாகத் தொங்கி ஆடியது. எல்லாரும் அன்பினால் செய்தோம்.

அங்கிருந்து அனுப்பிவைத்த சென்னை ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். "விழுந்ததில் எவ்வளவு போச்சு, தூக்கினதில் எவ்வளவு போச்சுன்னு இனிமே யாராலும் சொல்ல முடியாதும்மா."

வாசகர்கள் இந்த ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டால் போதும். உயரத்திலிருந்து விழுந்தவரை உட்கார வைக்காதீர்கள். கழுத்தை அசைக்காதீர்கள். ஆம்புலன்சுக்குச் சொல்லிவிட்டுக் காத்திருங்கள். நகர்த்தியே ஆக வேண்டுமென்றால் ஒரு கதவைக் கழற்றிக்கொண்டு வந்து, நாலு பேர் ஒரே நேரத்தில் கட்டையைப் புரட்டுவது போல உடம்பை வளையாமல் புரட்டி அதில் கிடத்துங்கள். எங்கள் தெருவில் அன்று பதினெட்டு வீடு இருந்தது. ஒவ்வொன்றிலும் கதவு இருந்தது.

விழுந்தவர்கள்

ஆஸ்பத்திரியில் அவனோடு இருந்த மாதங்களில் கிடைத்ததையெல்லாம் படித்தேன். முதுகெலும்புக்குள் ஓடும் தண்டுவடம் சுண்டு விரல் பருமன்தான். மூளை சொல்வதைக் கீழே கொண்டுபோவதும் கீழே நடப்பதை மூளைக்குச் சொல்வதும் அது ஒன்றுதான். அது அறுந்துபோகக்கூட வேண்டாம். எலும்பு நொறுங்கி அழுத்தினால் போதும். நசுங்கி வீங்கினால் போதும். செய்தி அங்கேயே நின்றுவிடும்.

எந்த இடத்தில் அடி என்பதுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. கழுத்தில் பட்டால் கையும் காலும் போகும். இன்னும் மேலே பட்டால் மூச்சே நிற்கும். மார்பு மட்டத்தில் பட்டால் கை தப்பும், அதற்குக் கீழே எல்லாம் போகும். இடுப்புக்கு அருகில் என்றால் கால் மட்டும். முழுதாகப் போவதும் உண்டு, கொஞ்சம் மிஞ்சுவதும் உண்டு.

இவற்றுக்கெல்லாம் எங்கள் பக்கத்திலேயே ஆட்கள் இருந்தார்கள். என் பழைய நோட்டுகளைப் புரட்டியபோது ஒவ்வொருவராக எழுந்து வந்தார்கள். காவாந்தண்டலம் பக்கம் ஓர் இளைஞர், கோடையில் தண்ணீர் இறங்கியது தெரியாமல் வழக்கமான கிணற்றில் தலைகீழாகக் குதித்தார். கழுத்து. இன்று அவர் அம்மா சோறு ஊட்டுகிறார். சாலையில் காயப் போட்டிருந்த நெல்லில் வண்டி வழுக்கிப் பின்னாலிருந்து விழுந்த ஒரு பெண்மணி, சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறார். சூடு தெரியும், தொட்டால் தெரியாது. எங்கள் ஊர்த் தையற்காரர் எங்கிருந்தும் விழவில்லை. மாலையில் காய்ச்சல், தீராத முதுகுவலி, ஒருநாள் காலையில் எழுந்தால் கால் வரவில்லை. முதுகெலும்பில் காசநோய். நல்லவேளையாக மருந்திலும் அறுவைச் சிகிச்சையிலும் மீண்டார்.

இவர்களை எல்லாம் நான் தனித்தனிச் செய்தியாக எழுதி வைத்திருந்தேன். எல்லாரும் ஒரே கயிற்றிலிருந்து தொங்கியவர்கள் என்று அப்போது தெரியாது.

ஏகாம்பரத்துக்கு மார்பு மட்டம். முழுதாக.

கீழே இருந்தவன்

ஆடி மாதம் வீட்டுக்கு அழைத்து வந்தோம். மூத்திரம் போக ஒரு குழாய், கட்டில் ஓரத்தில் ஒரு பை. குழாயை மாதத்துக்கு ஒரு முறை மாற்ற நர்ஸ் ஹேமா ஸ்கூட்டரில் வருவார். செல்வி இரண்டு மணிக்கு ஒரு தடவை அவனைப் புரட்டிப் படுக்க வைப்பாள். புரட்டாவிட்டால் படுக்கைப் புண் வந்து எலும்பு வரை தின்றுவிடும்.

முதலில் கால்கள் ஈரத்துணி போலக் கிடந்தன. வீட்டுக்கு வந்த இரண்டாவது வாரம் நான் போர்வையை மடித்தபோது வலது கால் விருட்டென்று முட்டியை மடக்கி எழுந்தது. செல்வி கத்தினாள். "கால் வந்துடுச்சி! அண்ணி, கால் வந்துடுச்சி!" தெருவே திரண்டது. செல்வியின் அப்பா முனுசாமி தேங்காய் உடைத்தார். ஏகாம்பரம் மட்டும் எங்களையெல்லாம் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"இன்னா ஆச்சி? எதுக்கு எல்லாம் அயுவுறீங்க?"

கால் எழுந்தது அவனுக்குத் தெரியாது.

மேலிருந்து கட்டளை வராவிட்டாலும் கீழ்த் தண்டுவடம் தானாகவே காலை உதறும், அது குணமாவதன் அடையாளமல்ல என்று டாக்டர் போனில் விளக்கினார். நான் அதை எல்லாருக்கும் சொன்னேன். முனுசாமி கேட்டுக்கொண்டு, "அப்போ ஆட்டுறது இவன் இல்ல," என்றார். நான் சொன்னதும் அதுதான். ஆனால் அவர் சொன்னபோது அறை குளிர்ந்தது.

இன்னொரு நாள் டி.வி. பார்த்துச் சிரித்தபடியே சூடான டீ டம்ளரைத் தொடை இடுக்கில் வைத்துக்கொண்டான். படம் முடிந்து செல்வி டம்ளரை எடுத்தபோது தோலும் கூடவே வந்தது. அவன் முகத்தில் அந்தச் சிரிப்பு இன்னும் மிச்சமிருந்தது.

எல்லாவற்றையும்விட என்னை உலுக்கியது வேறு. "கால கொஞ்சம் நீட்டி வுடேன்," என்று அடிக்கடி கேட்பான். கால்கள் நீட்டித்தான் இருக்கும். "நேரா கீது, பாரு," என்பாள் செல்வி.

"கண்ணுக்கு நேரா கீது. எனக்கு மடங்கித்தான் கீது. கிளைய கவ்விக்கினு கீறன்."

விழுந்த நொடியில் கால் எப்படி இருந்ததோ அப்படியே சிலருக்கு மூளையில் நின்றுபோகும் என்று பிறகு படித்தேன். படித்ததனால் பயம் குறையவில்லை. அவனுடைய பாதி எங்கள் வீட்டுக்கே வரவில்லை. அது இன்னும் மரத்திலேயே உட்கார்ந்திருந்தது.

என் நோட்டு சொன்னது

முதல் தடவை வந்தது ஐப்பசியில். மறுநாளும் வந்தது. கார்த்திகையில் இரண்டு தடவை. மார்கழியில் மூன்று. எல்லாம் பகலில்தான், வெளிச்சத்தில், எங்கள் கண் முன்னால். ஒவ்வொரு முறையும் அதே தலைவலி, அதே கோடு, மேலே வேர்வை, கீழே புல்லரிப்பு. கடைசியில் படுக்கை நனையும், அடங்கும்.

ஆஸ்பத்திரிக்குச் சொல்லலாம் என்றேன். ஏகாம்பரம் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான். "சொன்னா திரும்ப அந்த வார்டுக்கு இட்டுக்கினு போவாங்க. என் தல மேல சத்தியம் பண்ணு, யார் கிட்டியும் சொல்லமாட்டன்னு." பண்ணினேன். நர்ஸ் ஹேமாவிடமும் சொல்லவில்லை. இதை எழுதும்போது கை கூசுகிறது.

மார்கழியின் மூன்றாவது பதிவை எழுதிய பிறகு ஏழையும் வரிசையாக நாட்காட்டியில் குறித்துப் பார்த்தேன். பார்த்துவிட்டு விளக்கைப் போட்டேன், பகல் பதினோரு மணிக்கு.

ஏழும் அமாவாசைக்கு முந்தைய நான்கு நாட்களுக்குள் இருந்தன. ஒன்றுகூட வெளியே இல்லை. அமாவாசை கழிந்ததும் மூன்று வாரம் ஓய்வு. மறுபடியும் நிலா தேய்ந்து முடிகிற நேரத்தில் வந்துவிடுகிறது.

அதை நான் யாரிடமும் காட்டியிருக்கக் கூடாது. செல்வியிடம் காட்டினேன். அவள் தன் அப்பாவிடம் சொன்னாள். மறுநாள் முனுசாமி வந்து நோட்டைக் கேட்டு வாங்கி, எழுத்துக்கூட்டிப் படித்து, மூடி வைத்தார்.

"லைப்ரரிம்மா, நாங்க வாயால சொன்னா மூட நம்பிக்கைன்னுவீங்க. இது உங்க கையெயுத்துதானே?"

"மாமா, இதுக்குக் காரணம் ஏதாவது இருக்கும். நான் படிச்சுப் பார்க்கறேன்."

"படிங்க. உங்க புக்கு மரத்துக்குத் தெரியுமா?"

உண்மையைச் சொன்னால், அந்தப் பக்கத்தைப் பார்த்த பிறகு கடைசி மரத்தை ஒட்டி நடப்பதையே விட்டிருந்தேன். மார்கழியில் வந்த மூன்றில் கடைசியானது ஒரு மணி நேரம் நீடித்தது. அவன் கண்ணில் ரத்தம் கட்டிவிட்டது. அடுத்தது வந்தால் தாங்க மாட்டான் என்று எங்கள் எல்லாருக்கும் தெரிந்திருந்தது. எப்படி நிறுத்துவது என்பதில்தான் வேறுபாடு. அவர்களிடம் ஒரு வழி இருந்தது. என்னிடம் ஒரு நோட்டு மட்டுமே இருந்தது.

தை அமாவாசை, உச்சிப்பொழுது, அதே மரத்தடி என்று முடிவாயிற்று. பூசாரி ஒருவரை அழைத்தார்கள். ஏகாம்பரமும் தலையாட்டினான்.

உச்சிப்பொழுது

ஒரு சின்ன லோடு வண்டியில் மெத்தை போட்டு அவனைக் கொண்டுபோனோம். ஏரி நிறைந்து காற்றில்லாமல் கிடந்தது. மரத்தில் புளியங்காய் பழுத்துத் தொங்கியது. உலுக்க ஆள் இல்லை. பிளந்த கிளை வெளுத்துக் காய்ந்து அப்படியே இருந்தது.

முறை இதுதான். அவனை வேர்முண்டின் அருகே பாயில் மல்லாக்கக் கிடத்த வேண்டும். இடுப்பில் புதுத் தேங்காய்நார்க் கயிற்றை மூன்று சுற்று இறுக்கிக் கட்டி, மறுமுனையை மரத்தில் கட்ட வேண்டும். பூசை முடிந்து பூசாரி கயிற்றை அறுத்தால் உடம்பில் இருப்பது மரத்துக்குத் திரும்பிவிடும். அவர் அறுப்பதற்கு முன் யாரும் அவிழ்க்கக் கூடாது.

கற்பூரம் ஏற்றிய சிறிது நேரத்தில் வந்துவிட்டது.

இதற்கு முன் பார்த்ததெல்லாம் ஒன்றுமில்லை. முகம் ஊதி, கழுத்து நரம்புகள் கயிறாகப் புடைத்தன. வேர்வை மார்புக் கோடு வரை ஓடி வந்து நின்றது. கோட்டுக்குக் கீழே அந்த வெயிலில் உடம்பு முழுக்கப் புல்லரித்திருந்தது. இரண்டு கால்களும் ஒன்றாக உயர்ந்து எதையோ கவ்வின.

"வந்துட்டான் பாரு," என்றார் முனுசாமி. இரண்டு பேர் அவன் தோளை அழுத்திப் பிடித்தார்கள்.

"அக்கா, கண்ணு தெரியல," என்றான் ஏகாம்பரம்.

நான் செய்த சத்தியத்தை அப்போதுதான் மீறினேன். நர்ஸ் ஹேமாவுக்கு போன் போட்டேன். ஸ்பீக்கரில் அவர் குரல் ஏரிக்கரை முழுக்கக் கேட்டது. நான் வேர்வையைச் சொன்னேன், கோட்டைச் சொன்னேன், நாடியைச் சொன்னேன். அவர் என்னை முடிக்க விடவில்லை.

"படுக்க வச்சிருக்கீங்களா? மொதல்ல உக்கார வைங்க! கால தொங்கப் போடுங்க. இடுப்புல இறுக்கமா இன்னா கீதோ அத்தனையும் அவுருங்க. பையில மூத்திரம் எறங்குதா?"

செல்வி பையைத் தூக்கிப் பார்த்தாள். "காலைல கொட்டுனேன் சிஸ்டர். அப்பொறம் சொட்டுகூட இல்ல."

"ஐயோ. ஆம்புலன்சுக்கு நான் சொல்றேன். சாலவாக்கத்துலதான் கீறேன், பத்து நிமிஷத்துல வந்துடுவேன். பிரஷர் ஏறி மூளையில ரத்தக் கொழாய் வெடிச்சா அவ்ளோதாம்மா. உக்கார வைங்க!"

யாரும் அசையவில்லை. பூசாரி முனுசாமியைப் பார்த்தார். முனுசாமி கயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டார்.

"இப்ப அவுத்தா அது எறங்காது. இவனோட வூட்டுக்குத்தான் வரும்."

செல்வி, தேங்காய் உடைக்கக் கொண்டுவந்திருந்த கத்தியை எடுத்தாள். "வந்தா வரட்டும் நைனா. அதுக்கும் சேத்து சோறாக்கிப் போடுறன்," என்று சொல்லிக்கொண்டே அறுத்தாள். மூன்று சுற்றையும் அறுத்தாள். கயிற்றுக்கு அடியில் குழாய் தட்டையாக நசுங்கியிருந்தது. அவனை நெஞ்சோடு அணைத்துத் தூக்கித் தன் மேல் சாய்த்து உட்கார வைத்தாள். நான் கால்களைக் கரைச்சரிவில் தொங்கவிட்டேன். குழாயில் ஒரு சொட்டு வந்தது, நின்றது.

அந்தப் பத்து நிமிடம் எவ்வளவு நீளம் என்பதை என் கைக்கடிகாரம் இன்றும் தப்பாகத்தான் சொல்லும்.

ஹேமா வந்ததும் எங்களில் யாரையும் பார்க்கவில்லை. தன் மருந்துப் பையைத் திறந்தார், கையுறை போட்டார், பழைய குழாயை உருவினார். அதன் முனையில் சுண்ணாம்புக் கட்டி போல வெள்ளையாக உப்பு அடைத்திருந்தது. புதுக் குழாய் உள்ளே போன நொடியில் மூத்திரம் இரைந்துகொண்டு பையில் இறங்கியது. அது இறங்க இறங்க, மதகு திறந்த ஏரி போல, அவன் முகத்துச் சிவப்பு இறங்கியது. வயிற்று மயிர் ஒவ்வொன்றாகப் படிந்தது. கால்கள் தாழ்ந்தன.

"எப்ப மாத்துனது இது?" என்றார் ஹேமா. "இன்னிக்கி வரவாணாம், நாளைக்கி வாங்கன்னு செல்வி போன் பண்ணுச்சி. போன தடவ நான் வந்தது எப்போ?"

"போன அமாவாசைக்கு," என்றாள் செல்வி. "அமாவாசைக்கு அமாவாசதான் மாத்துறது."

"மூணு வாரம் தாண்டுனாலே இவருக்கு உப்பு அடைச்சிக்கிது. தண்ணியும் ஒயுங்கா குடிக்கிறதில்ல போல. அடைச்சா உள்ள மூத்திரப்பை நெறையும், பிரஷர் ஏறும். தலைவலி வருதுன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா மொத மாசமே புரிஞ்சிருக்குமே. அமாவாசைன்னு கணக்கு யாரு வச்சது?"

நான்தான். செல்விக்கு ஆங்கிலத் தேதி நினைவில் நிற்காது. அமாவாசை நிறைந்த நாள், வீட்டில் விளக்கேற்றுகிற நாள், அவள் மறக்கவே மாட்டாள் என்று ஆடி மாதத்தில் நான்தான் சொல்லிக் கொடுத்தேன். ஹேமா முதல் தடவை வந்துவிட்டுப் போன அன்று, என் புத்திசாலித்தனத்தை நானே மெச்சிக்கொண்டது நினைவிருக்கிறது. அடைமழைக் காலத்தில் தாகமும் இல்லை. பையைக் கொட்ட செல்வியைக் கூப்பிட வேண்டுமே என்று அவனும் தண்ணீரைக் குறைத்துக்கொண்டான். ஐப்பசியிலிருந்து அடைப்பு ஆரம்பித்தது.

அமாவாசைக்கு முந்தைய நாட்களில் வந்தவனுக்கு நாள் குறித்துக் கொடுத்தவள் நான். அவன் வந்த நாட்களை ஒன்றுவிடாமல் எழுதினேன். குழாய் மாற்றிய நாட்களை ஒரு தடவைகூட எழுதவில்லை. அது வீட்டு வேலை, குறித்து வைக்கும் விஷயமில்லை என்று நினைத்திருந்தேன்.

ஆம்புலன்சில் போகும் வழியில் ஹேமா விளக்கினார். மூத்திரப்பை நிறைந்ததைக் கீழ் உடம்பு மேலே சொல்லப் பார்க்கிறது. செய்தி அடிபட்ட இடத்தில் நின்றுவிடுகிறது. கீழே ரத்தக்குழாய்கள் இறுகுகின்றன, அழுத்தம் ஏறுகிறது. மூளை அதைத் தணிக்க உத்தரவு போடுகிறது. அந்த உத்தரவும் அடிபட்ட இடத்தைத் தாண்டுவதில்லை. மேல் பாதி வேர்க்கிறது, கீழ் பாதி விறைக்கிறது. முந்தைய தடவைகளில் குழாயைச் சுற்றி மூத்திரம் கசிந்து படுக்கை நனைந்த பிறகுதான் அடங்கியிருக்கிறது. பேய் என்று நாங்கள் பார்த்தது, ஒரே உடம்பின் இரண்டு பாதிகள் ஒன்றையொன்று கூப்பிட்டுக்கொண்டிருந்ததைத்தான்.

வராத மாதம்

இப்போது பதினெட்டு நாளைக்கு ஒரு தடவை குழாய் மாற்றுகிறோம். கணக்கு சுவரில் இருக்கிறது, செல்வியின் கையெழுத்தில். முனுசாமி மாசி அமாவாசையன்று வந்து, கதவோரம் நாற்காலி போட்டு, மத்தியானம் வரைக்கும் காவலுக்கு இருப்பது போல உட்கார்ந்திருந்தார். ஒன்றும் வரவில்லை. "சரி, அடுத்த மாசம் பாப்போம்," என்று ஏமாற்றத்தோடு எழுந்து போனார்.

நான் நோட்டைத் திறந்தேன்.

"இன்னா எயுதுற?" என்றான் ஏகாம்பரம்.

"வரலைன்னு எழுதறேன்."

அவன் மெல்லச் சிரித்தான்.

"ஒன்னு சொன்னா திட்டக் கூடாது. நாலு மாசம் கீழ எவனோ ஒருத்தன் இருந்தான்க்கா. கோவக்காரன். என்ன பேஜார் பண்ணான். ஆனா இருந்தான். கீழ உசுரு கீதுன்னு ஒரு இது." கையால் மார்பின் குறுக்கே கோடு காட்டினான். "இப்ப குழா, உப்பு, பிரஷர்னு எல்லாத்தையும் புரிய வச்சிட்டீங்க. இத்தோட கீழ வூடு காலி. மேல நான் மட்டும் தனியா கீறேன்."

நோட்டை மூடி வைத்தேன்.

சமையலறையிலிருந்து செல்வி கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். "காலியா? அப்ப தெனம் நான் எங்க குடியிருக்கன்? கழுவுறது, தொடைக்கிறது, புரட்டுறது எல்லாம் எந்த வூட்ட? வாடகையும் தரதில்ல, பேச்ச பாரு."

புரட்டும் நேரமாகியிருந்தது. போர்வையை விலக்கினாள். ஒரு காலை முட்டிக்கு அடியில் கை கொடுத்துத் தூக்கி, அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள்.

"எந்தக் கால புடிச்சிருக்கன், சொல்லு."

ஏகாம்பரம் கண்ணை இறுக மூடிக்கொண்டான். வெகு நேரம் எதையோ உற்றுக் கேட்பவன் போல இருந்தான்.

"எடது," என்றான்.

அவள் கையில் இருந்தது வலது கால்.

"ஆமா," என்றாள் செல்வி. "எடதுதான்."